புது வண்டி இப்பவா, அப்புறமா?

கார் வாங்கலாம்னு இருக்கேன் என்று ஆபீசில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 2025 ஜனவரி மாசம் அது. அன்றிலிருந்து இலவச ஆலோசனை அடைமழை. சைக்கிளைக்கூட தள்ளிக்கொண்டே போகிற பக்கத்து சீட்டு நண்பர், டர்போ இன்ஜினுக்கும் சாதா இன்ஜினுக்கும் என்ன வித்தியாசம் என்று டீக்கடையில் அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். ஒருத்தர் டீசல்தான் என்பார், இன்னொருத்தர் இனிமே எல்லாம் கரண்ட் வண்டிதான் என்பார். ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து முடிக்கிற இடம் மட்டும் ஒன்றுதான்.

"இப்ப வாங்காதீங்க சார். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

நானும் பண்ணினேன். ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்லை, எட்டு மாசம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. எந்த வண்டி நல்ல வண்டின்னு தெரிஞ்சுக்க வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

முதல்ல ஏன் வண்டி என்ற கதை. எங்க வீடு திருச்சி கே.கே. நகரில். வீட்டில் இருந்தது 2010 அக்டோபரில் வாங்கின ஒரு சின்ன கார். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது. பிரச்சினை காரில் இல்லை, அப்பாவின் முழங்காலில். 2024 டிசம்பரில் அவருக்கு வலது கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்போ வயசு 78. ஆபரேஷன் நல்லபடியா முடிந்து, வாக்கர் போய், கைத்தடி வந்து, வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் காரில் ஏறுவது மட்டும் ஆகவில்லை. அந்தக் காரின் சீட் அவர் முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும். முதுகைக் காட்டி மெதுவா உட்காரணும், அப்புறம் காலை ஒவ்வொன்றா உள்ளே எடுத்து வைக்கணும். உட்காருவதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவார். எழுந்திருக்கும்போதுதான் வேதனை. நான் ஒரு கையைப் பிடித்து இழுக்க, தங்கமணி முதுகில் கை கொடுக்க, ஒரு தடவை மூணு பேருமே கீழே விழுந்திருப்போம்.

அதனாலதான் உயரமான வண்டி, அதாவது எஸ்.யூ.வி. மலையேறவோ ஆத்துல இறக்கவோ இல்லை. அப்பா சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கணும், அவ்வளவுதான். அதோட பழைய காருக்கு 2025 அக்டோபரில் பதினைந்து வருஷம் முடியுது. அதுக்கப்புறம் வச்சிருக்கணும்னா எஃப்.சி. காட்டி, ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரி கட்டணும். ஆக, எப்படியும் அந்த வருஷத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தே ஆகணும்.

சரி, இவ்வளவு தெளிவா காரணம் இருந்தும் ஏன் எட்டு மாசம்? கேளுங்க.

ஜனவரியில், பிப்ரவரி 1 பட்ஜெட்டைப் பார்த்துட்டு வாங்கலாம்னு இருந்தேன். பட்ஜெட்டில் பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லைன்னு சொன்னாங்க. அப்போ ஏப்ரலுக்கு மேல கையில் கொஞ்சம் கூட நிக்கும், அதுக்கப்புறம் வாங்கலாம். பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைத்தது. இன்னும் குறையும்னு பேச்சு. ஏப்ரலில் மறுபடி குறைத்தது. ஜூனில் இன்னொரு தடவை. 6.50 சதவீதத்தில் இருந்தது 5.50-க்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் "பாத்தியா, வெயிட் பண்ணது நல்லதாப் போச்சு" என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பிற்பாடு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு லட்சம் கடன், ஐந்து வருஷம். வட்டி ஒன்பதரையிலிருந்து எட்டரைக்கு முழுசா ஒரு சதவீதம் குறைந்தாலும், மாசத் தவணையில் மிச்சம் சுமார் 290 ரூபாய். அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து பதினேழாயிரத்துச் சொச்சம். அந்தப் பதினேழாயிரத்துக்காக ஆறு மாசம் என் அப்பா வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆனா அந்தக் கணக்கு அப்போ எனக்குத் தோணலை.

நடுவில் மே மாசம் ஒரு நல்ல காரியம் செய்தேன். அப்பாவை ஆட்டோவில் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி வாங்குற எல்லோருக்கும் இதை சிபாரிசு பண்றேன். வீட்டில் யாருக்கு முட்டி வலியோ அவங்களை அழைச்சிட்டுப் போங்க. அங்கே நின்ற பையன் என்னிடம் சன்ரூஃப், பெரிய டச் ஸ்க்ரீன் என்று ஆரம்பித்தான். அப்பா எதையும் காதில் வாங்காமல் முன்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எனக்கு ஆசையாக இருந்த பெரிய வண்டியில் சீட் அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. படியில் ஒரு கால் வைத்து எம்பணும். "இது லாரிடா" என்று இறங்கிவிட்டார். நாலு மீட்டருக்குள் இருக்கிற சின்ன எஸ்.யூ.வி.யில் சீட் சரியாக அவர் தொடை உயரத்துக்கு வந்தது. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். அப்படியே சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தார். "இது போதும்" என்றார். ஐந்து மாசமா நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அந்த ரெண்டு வார்த்தையில் காலி.

வண்டி முடிவாச்சு. 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜின். எக்ஸ்-ஷோரூம் விலை 10 லட்சத்து 90 ஆயிரம். ஜூனில் வாங்கியிருக்கலாம். வட்டி இன்னொரு தடவை குறையுமான்னு பார்த்தேன். ஜூலை பாதியில் ஆடி வந்துவிட்டது. ஆடியில் கார் வாங்கினால் தங்கமணி வீட்டை விட்டுப் போய்விடுவார். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் புக் பண்ணிடலாம்னு முடிவு. ஆவணி பிறக்க ரெண்டு நாள்தான் பாக்கி.

அந்த ரெண்டு நாளுக்குள் வந்தது ஆகஸ்ட் 15. செங்கோட்டையில் பிரதமர் பேசும்போது, தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி.யைக் குறைக்கப் போறோம்னு அறிவித்தார். கார் வரி எவ்வளவு குறையும், எந்தத் தேதியிலிருந்து என்று ஒன்றும் தெளிவா இல்லை. தீபாவளி அக்டோபர் 20. எனக்கு தலை சுற்றியது.

கொஞ்ச நாளில், சின்ன கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 என்று பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. அதுவரை இருந்தது என்னன்னா, நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் என்றால் வரியும் செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதம். அதே நீளம், 1,500 சி.சி.க்குள் டீசல் என்றால் 31. நாலு மீட்டரைத் தாண்டினால் 45-ல் ஆரம்பித்து, பெரிய எஸ்.யூ.வி.க்கு 50 வரை. பேப்பர், பேனா எடுத்து உட்கார்ந்தேன்.

10,90,000 ரூபாயில் 29 சதவீத வரியைக் கழித்தால் வண்டியின் அடக்கவிலை சுமார் 8,45,000. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 9,97,000. மிச்சம் 93 ஆயிரம். இது எல்லோரும் போட்ட கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் இருக்கிறவங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. 2023 நவம்பரில் நம்ம ஊர் ஆயுட்கால சாலை வரியை மாற்றினார்கள். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 18. என் வண்டி பத்தைத் தாண்டி நின்றது, வரி குறைந்தால் பத்துக்குக் கீழே இறங்கும். அதாவது சாலை வரி 1,96,000-லிருந்து 1,30,000-க்கு வரும். இதில் ஒரு 66 ஆயிரம். ரெண்டும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,59,000 ரூபாய்! ஒரு தடவைக்கு மூணு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வந்தது.

ஷோரூம் பையனிடமிருந்து தினமும் போன். "சார், பெரிய வண்டிக்குத்தான் சார் குறையும். இப்ப எடுத்தா முப்பத்தஞ்சாயிரம் தள்ளுபடி, மேட், சீட் கவர் ஃப்ரீ. அப்புறம் கூட்டம் அள்ளும், வண்டி கிடைக்காது சார்." அவன் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை என்று பின்னால் தெரிந்தது.

ஆக, இந்த முறை காத்திருக்க எனக்கு உருப்படியான காரணம் இருந்தது. பெருமையாக தங்கமணியிடம் கணக்குப் பேப்பரைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சரி, வெயிட் பண்ணு. மாமாகிட்ட சொல்லிட்டியா?" என்றார். சொல்லலை. இதில் அவரிடம் சொல்ல என்ன இருக்கு என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில், பழைய காரின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி அப்பாவின் பீரோவைக் குடைந்தேன். அப்பா ஐம்பது வருஷமா டைரியில் கணக்கு எழுதுகிறவர். பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். பால், பேப்பர், காய், அன்றைக்கு எங்கே போனார், யார் வந்தார். ரெண்டு டைரி கையில் வந்தது, 2024-ம் 2025-ம். சும்மா புரட்டினேன்.

2024-ல் வாரத்துக்கு ரெண்டு மூணு வரி இப்படி இருக்கும். "ஸ்ரீரங்கம் போய் வந்தது." "உறையூர் கல்யாணம், மொய் 500." "குளித்தலை, அக்கா வீடு. முறுக்கு கொடுத்தாள்." 2025-ல் பக்கம் பக்கமா காலி. "ஆஸ்பத்திரி ஆட்டோ 150." மறுபடி "ஆஸ்பத்திரி ஆட்டோ 150." வேற பயணமே இல்லை, மே மாசம் அந்த ஷோரூம் தவிர. நடுநடுவே ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. மார்ச்சில் ஒரு தடவை, ஜூனில், ஜூலையில், அப்புறம் ஆகஸ்ட் 17-ல்.

"அக்கா போன். புது கார் வந்ததும் வருவதாகச் சொன்னேன்."

குளித்தலை அத்தைக்கு வயசு 84. அப்பாவுக்கு அவர்தான் அம்மா மாதிரி. எங்க வீட்டிலிருந்து போக ஒரு மணி நேரம். டைரியை வைத்துவிட்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு தடவைகூட "எப்படா வாங்குவ" என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ராத்திரி தங்கமணியிடம் சொன்னேன். எல்லாத்தையும் விட்டுத் தள்ளி நாளைக்கே புக் பண்ணிடவா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். (கல்யாணமானவங்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.)

"குளித்தலைக்குப் போய்ட்டு வர வாடகை வண்டி எவ்வளவு?"

"ஒரு மூவாயிரம் ஆகும்."

"நீ ஒன்றரை லட்சம் மிச்சம்னு சொன்ன."

அவ்வளவுதான். எட்டு மாசமா சொந்த வண்டி வாங்குறதையும் அப்பா வெளியே போறதையும் ஒரே முடிச்சாப் போட்டு வச்சிருந்திருக்கேன். நாலு நாளைக்கு பொட்டி தட்டி வர்ற காசில் முடிகிற விஷயம். இதுக்குத்தான் பி.இ. படிச்சேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. ஒரு இன்னோவா சொன்னேன். உயரம்தான், ஆனால் தங்கமணி வீட்டிலிருந்து சாப்பிட உட்காருகிற மணைப்பலகையை எடுத்து வந்து கீழே போட்டார். அதில் ஒரு கால், வண்டியில் ஒரு கால், அப்பா முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் தம்பி தங்கமானவர், இறங்கும் இடத்தில் எல்லாம் அவரே பலகையை எடுத்துப் போட்டார். கரூர் ரோடு. முக்கொம்பு தாண்டியதும் வலது பக்கம் காவிரி. அந்த வருஷம் மேட்டூர் நிரம்பியிருந்ததால் ஆற்றில் தண்ணி நல்லா போய்க்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பேசவில்லை.

அத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பா இறங்கி, தடியை ஊன்றி நடந்து போகிற வரைக்கும் வண்டியையே பார்த்தார்.

"இதானாடா புது காரு?"

"இல்லக்கா. வாடகை வண்டி."

"வாடகை வண்டியா? இதுல வந்தா ஆகாதாக்கும்? இதுக்காடா இத்தனை மாசம்?"

அப்பா சிரித்தார். எனக்கு சிரிப்பு வரவில்லை. அத்தை அப்பாவைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே. அன்றைக்கு ரெண்டு பேரும் மத்தியானம் மூன்று மணி வரை பேசினார்கள். யார் யார் செத்துப் போனார்கள், எந்த நிலம் யாரிடம் போச்சு, எல்லாம். நான் திண்ணையில் தூங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது, வரி குறையப் போகிற விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். தீபாவளி வரை பொறுத்தால் ஒன்றரை லட்சம் மிச்சமாகும்னு விளக்கினேன். அவர் ஸ்கூட்டர் கதையை எடுத்தார். 1978-ல் பதிவு செய்து 1984-ல் கையில் கிடைத்ததாம். லைசென்ஸ் ராஜ்ஜியம் நடந்த காலம், கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம்னு அரசாங்கம் சொல்லும், வரிசையில் நிக்கணும். நான் சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். இந்தத் தடவை கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"பதிவு பண்ணப்ப எனக்கு முப்பத்திரண்டு வயசு. ஆறு வருஷம் ஒண்ணும் தெரியல. நீ தீபாவளி வரைக்கும் இரு, தப்பில்ல. தேதி தெரிஞ்சா போதும்."

மூணே நாளில் தேதி தெரிந்துவிட்டது. செப்டம்பர் 3 ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு வந்தது. 22-ம் தேதியிலிருந்து என் வகை வண்டிக்கு 18. கம்பெனிகளும் அடுத்தடுத்து புது விலையை அறிவித்தன. அடுத்த நாளே புக் பண்ணினேன். ஷோரூம் பையன் சொன்னபடி கூட்டம் அள்ளியது. ஆயுத பூஜைக்குக் கிடைக்கவில்லை, அக்டோபர் ரெண்டாவது வாரம்தான் வண்டி வந்தது. தள்ளுபடியும் கிடையாது, மேட்டுக்குக்கூட காசு வாங்கினான். தள்ளுபடி போனதைக் கழித்தாலும் கிட்டத்தட்ட ஒன்றேகால் லட்சம் மிச்சம்தான். அந்த ஐந்து வாரத்தில் வாடகை வண்டி மூணு தடவை எடுத்தோம். ஸ்ரீரங்கம், ஒரு கல்யாணம், மறுபடி குளித்தலை. எட்டாயிரம் சொச்சம் ஆச்சு.

ஆக, காத்திருந்தது சரியா தப்பா? கடைசி இரண்டு மாசக் காத்திருப்பு சரி. தீபாவளி என்று ஒரு எல்லை இருந்தது, எவ்வளவு மிச்சம்னு கையில் ஒரு கணக்கு இருந்தது, ஆர்.சி. முடிய நாளும் இருந்தது. அதுக்கு முன்னாடி ஏழு மாசம் இருந்தது சும்மா சோம்பேறித்தனம். அதுக்கு தேதியும் கிடையாது, தொகையும் கிடையாது. வரி அறிவிப்பு வந்தது என் அதிர்ஷ்டம், அதை என் புத்திசாலித்தனம்னு ஆபீசில் நான் பீத்திக்கொண்டது தனிக்கதை.

இப்போ யாராவது என்கிட்ட வாங்கவா, வெயிட் பண்ணவான்னு கேட்டா ரெண்டே கேள்விதான் திருப்பிக் கேக்கிறேன். எந்தத் தேதி வரைக்கும்? அதுவரைக்கும் வீட்டில் யாரோட என்ன காரியம் நிக்குது? ரெண்டாவது கேள்விக்கு நாமளே பதில் சொல்லாம, வீட்டில் கேட்டுப் பார்க்கிறது நல்லது. டைரி எழுதுற அப்பா எல்லாருக்கும் இருக்க மாட்டாங்க.

புது வண்டி வந்த அன்று அப்பா டைரியில் என்ன எழுதினார்னு திருட்டுத்தனமாப் பார்த்தேன். "கார் வந்தது. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பால் 30."

டிஸ்கி: கணக்கு எல்லா வண்டிக்கும் ஒண்ணு இல்லை. நாலு மீட்டருக்குள் இருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டினால் அது 40 சதவீதக் கட்டத்துக்குத்தான் போச்சு. பிரெஸ்ஸா அப்படி ஒண்ணு, முன்னாடி 45. கரண்ட் வண்டிக்கு முன்னாடியும் அஞ்சு சதவீதம், அப்புறமும் அஞ்சுதான். அதுக்காக வெயிட் பண்ண நண்பர் ஒருத்தர் இருக்கார். பக்கத்து சீட்டுதான். இன்னும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் வர்றார்.